கடையாணிகளின் வரலாறு: கேமராவின் சிற்றுறுப்புகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

தேரைப் பாடிய புலவர்கள் பலர். தேரின் கடையாணியை நினைத்துப் பார்த்தவர்கள் சிலரே. திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரத்தில், ஒருவருடைய உருவச் சிறுமையைக் கண்டு இகழலாகாது என்று சொல்ல வரும் வள்ளுவர், உருண்டு செல்லும் பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்களும் உலகில் உண்டு என்பதை நினைவூட்டுகிறார். தச்சுப் பட்டறையை உற்றுநோக்கிய ஒருவருக்கே தோன்றக்கூடிய உவமை இது. அச்சின் முனையில் செருகப்படும் அந்த ஆணி சக்கரத்தை உருட்டுவதில்லை, பாரத்தைத் தாங்குவதுமில்லை. சக்கரம் தன் இடத்தை விட்டுக் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அதன் வேலை.

மக்கள் வழக்கில் அதற்குக் கடையாணி என்று பெயர். கடை என்னும் சொல்லுக்கு முடிவு, ஓரம் என்பது ஒரு பொருள். கடைநிலை ஊழியர் என்னும்போது தாழ்வு என்பது இன்னொரு பொருள். ஓரத்தில் இருப்பது தாழ்ந்தது என்னும் மனப்பழக்கம் நம் மொழிக்குள்ளேயே எப்போதோ படிந்துவிட்டது போலும். இக்கட்டுரை முழுவதும் இவ்விரு பொருள்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கேமராவின் கடையாணிகளைப் பற்றி. கேமராவின் வரலாறு என்றவுடன் 1839இன் தாகேர், 1888இன் ஈஸ்ட்மன், 1925இல் சந்தைக்கு வந்த லைகா என்று பெரும்பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. எளிதில் தொலைந்துபோகக்கூடிய அதன் சிற்றுறுப்புகள், அதாவது லென்ஸ் மூடி, ஒளித்துளைத் தகடு, திருகாணி, சுருள்வில், எஃகு உருண்டை ஆகியவை அவற்றுக்குரிய இடத்தில் எவ்வாறு நிலைநிறுத்தப்பட்டன என்பதும் ஒரு வரலாறுதான். அவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயம் சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்சாலை வழித்தடத்தில் எழுதப்பட்டு வருகிறது. இன்று பெரும்பாலோர் கையில் உள்ள கேமரா கைப்பேசிக்குள் இருப்பதே. அக்கைப்பேசிகளில் கணிசமானவை இங்கேதான் இணைக்கப்படுகின்றன. அங்கே சென்று சேர்வதற்கு முன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கையில் இருந்த காலம்

1856இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் ஒளிப்படக் கலைஞராக நியமித்தது. 1857-58இல் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பயணம் செய்து கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். மெழுகிட்ட தாளில் ஏறத்தாழ 12க்கு 15 அங்குல அளவில் நெகட்டிவ் எடுக்கும் பெரிய கேமரா, வேதிப்பொருள்கள், கூடாரம் எல்லாம் மாட்டுவண்டிகளில் சென்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக்கியது இப்பயணத்தின் பயன். 1860இல் ஆளுநர் டிரெவெல்யன் இதனை வீண்செலவு எனக் கருதி நிறுத்திவிட்டார்.

அக்காலக் கேமராக்களில் ஷட்டர் என்று தனியாக ஓர் உறுப்பு பெரும்பாலும் இல்லை என்பதை இன்றைய வாசகர் கவனிக்க வேண்டும். லென்ஸின் மூடியே ஷட்டர். ஒளிப்படக்காரர் மூடியைக் கழற்றுவார், மனத்துக்குள் எண்ணுவார், போதுமென்று தோன்றியதும் மீண்டும் மூடுவார். நம்மூர் ஸ்டுடியோக்களில் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, மூடியைக் கழற்றிக் காற்றில் ஒரு வட்டம் போட்டு மூடிய கைகளை முந்தைய தலைமுறையினர் நினைவுகூர்வர். மூடி தொலைந்தால் லென்ஸுக்கு மட்டுமா கேடு? நேரத்தைத் தொடங்கவும் முடிக்கவும் கருவி இல்லாமல் போகும். அத்தகைய வேளைகளில் தொப்பியையே மூடியாகப் பிடித்துக்கொண்டு சமாளித்த ஒளிப்படக்காரர்கள் உண்டு.

மூடியைவிடத் தொலைவதற்கு எளிதான ஓர் உறுப்பை 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கினார். லென்ஸ் குழலின் மேல்புறத்தில் ஒரு பிளவு. அதற்குள் செருகுவதற்கு வெவ்வேறு அளவில் துளையிட்ட மெல்லிய தகடுகள். வெயில் மிகுந்தால் சிறு துளைத் தகடு. மங்கினால் பெருந்துளைத் தகடு. எளிய, மலிவான, அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தகடும் தனித்தனி. அவற்றைத் தோலுறையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு தகடு தொலைந்தால் தொகுதியே குறைபட்டுவிடும். தகடு இல்லாதபோது அந்தப் பிளவின் வழியாக வேண்டாத ஒளி உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்கும்.

இக்காலத்தின் இயல்பு இதுதான்: சிற்றுறுப்பின் இடம் கேமராவில் இல்லை, கேமராக்காரரின் கையிலும் நினைவிலும் இருந்தது. தொலைத்தால் தொலைத்தவரே பொறுப்பு. அதே சமயம், இல்லாததைத் தானே செய்துகொள்ளும் வல்லமையும் அவருக்கு இருந்தது. தகடு தொலைந்தால் அட்டையில் துளையிட்டுக்கொள்ளலாம்; மூடி தொலைந்தால் தொப்பி இருக்கிறது.

கட்டப்பட்ட காலம்

தொலைவதைத் தடுக்க மனிதருக்கு முதலில் தோன்றும் வழி கட்டிவைப்பதுதான். இவ்வழியை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். தோட்டின் திருகு தொலைந்த நாளில் வீடே தலைகீழாகும். துடைப்பம் முதல் சாக்கடை வரை சோதிக்கப்படும். ஜிமிக்கியின் பாரத்தைக் காதிலிருந்து பகிர்ந்து வாங்கிக் கூந்தலில் சென்று கோத்துக்கொள்ளும் மாட்டல், அழகுக்கு அழகும் காவலுக்குக் காவலுமாக அமைந்தது. லென்ஸ் மூடிக்குச் சிறு கயிறு கட்டி அதனைக் கேமரா உடலோடோ தோள்வாரோடோ பிணைத்த ஏற்பாடும் இந்த மாட்டலின் உறவினர்தான். வார், கண்ணி, கொக்கி, வளையம் ஆகியவை கேமராவுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறே.

இவ்விடத்தில் கேரளத்து ஆலப்புழையைச் சொல்லாமல் கடக்க இயலாது. இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் குடும்பப் பட்டறையில் வளர்ந்த கே. கருணாகரன், ஆர்மோனியத்தின் துருத்தி மடிப்பு அறிந்த கையால் கேமராவின் துருத்தியைச் சீர்செய்து கொடுத்து, பின்னர் 1940களில் வாகீஸ்வரி என்னும் மரக் கேமராவையே உருவாக்கினார். மரமும் பித்தளையும் தோலும் சேர்ந்த அக்கேமரா தென்னிந்திய ஸ்டுடியோக்களில் பல்லாண்டு கோலோச்சியது. அதன் பித்தளைத் திருகுகளும் கொக்கிகளும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருந்தன. எது எங்கே பொருந்தும் என்பதை ஊர்த் தச்சரும் கன்னாரும்கூடப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளலாம். கட்டப்பட்ட காலத்தின் சிறப்பு இந்த வெளிப்படைத்தன்மை எனலாம்.

பின்னர் ஜப்பானியக் கேமராக்கள் பெருகியபோது கட்டும் பொறுப்பு பழுதுபார்ப்பவரின் மேசைக்கு இடம்பெயர்ந்தது. பழைய லென்ஸ்களில் ஒளித்துளை வளையத்தைத் திருப்பினால் ஒவ்வோர் எண்ணிலும் 'டிக்' என்று ஒரு சொடுக்கு கேட்கும். கடுகளவு எஃகு உருண்டை ஒன்று சிறு பள்ளத்தில் சென்று அமர்வதால் எழும் ஒலி அது. வளையத்தைக் கழற்றும் கணத்தில் அவ்வுருண்டை துள்ளி ஓடிவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் வெள்ளைத் துணியை விரித்து அதன் மேலேயே வேலை செய்வார்கள். கழற்றிய திருகாணிகளைத் தாளில் வரைந்த படத்தின் மேல் அந்தந்த இடத்தில் ஒட்டிவைப்பார்கள். காலியான பிலிம் டப்பா சிற்றுறுப்புகளின் பெட்டகமாகும். முறுக்கிய திருகாணி தானே தளராமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. ஜப்பானியத் திருகாணித் தலையின் சிலுவைப் பள்ளம், அமெரிக்கப் பிலிப்ஸ் வகையிலிருந்து சற்றே வேறுபட்டது. பொருந்தாத திருப்புளியைப் போட்டால் பள்ளம் சிதைந்து பிறகு எதனாலும் கழற்ற முடியாது. பொற்கொல்லரின் சாமணமும் கைக்கடிகாரக்காரரின் ஒற்றைக்கண் லென்ஸும் கூடிய இந்தக் கைத்திறன் எந்தப் பாடநூலிலும் இடம்பெற்றதாகத் தெரியவில்லை. குருவிடமிருந்து சீடனுக்குக் கண்வழியாகவே அது சென்றது.

உள்ளடங்கிய காலம்

இதற்கு இணையாக இன்னொரு போக்கும் வளர்ந்து வந்தது. தொலைவதற்கு வாய்ப்புள்ள எதையும் பயனாளரின் கையில் கொடுக்காதிருப்பது அதன் கொள்கை. 1888இல் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமராவில் நூறு படங்களுக்கான சுருள் முன்பே இடப்பட்டிருந்தது. படங்களை எடுத்து முடித்ததும் கேமராவையே ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒளித்துளைத் தகடுகளும் லென்ஸுக்குள்ளேயே விரிந்து சுருங்கும் இதழ்களாக மாறிக் குழலுக்குள் அடங்கின. வாட்டர்ஹவுஸின் தோலுறை தேவையற்றுப் போயிற்று.

மூடி மட்டும் நெடுங்காலம் அடங்காமல் திரிந்தது. 1979இல் வெளிவந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ என்னும் சிறு கேமராவில் யோஷிஹிசா மைத்தானி அதற்கும் முடிவு கட்டினார். தனி மூடியும் கூடாது, தனி உறையும் கூடாது என்பது அவருடைய எண்ணம். கேமராவின் முன்புறமே சறுக்கிச் சென்று லென்ஸை மூடும். திறந்தால்தான் படமெடுக்க முடியும்; மூடியைக் கழற்ற மறந்து இருட்டைப் படமெடுக்கும் பிழைக்கு இடமேயில்லை. இதே எண்ணம் பின்னர் கைப்பேசிக்கும் வந்தது. 2002இல் வெளியான நோக்கியா 7650, சறுக்கித் திறந்தால் மட்டுமே பின்புறக் கேமராவை வெளிக்காட்டியது. 2006இன் என்73இல் லென்ஸுக்கென்றே ஒரு சறுக்கு மூடி இருந்தது.

சுருள் கேமராவின் சிற்றுறுப்புகளுள் பின்கதவின் தாழைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் சுருளை ஒளியிலிருந்து காப்பது அதுவே. கவனக்குறைவாகத் தாழ் திறந்துவிட்டால் எடுத்த படங்கள் நொடியில் வெளுத்துப் போகும். ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகின் நாளிதழ்களிலெல்லாம் அச்சான 1991 மே 21 இரவு இதற்குச் சான்று. ராஜீவ் காந்தியைப் பலிகொண்ட குண்டுவெடிப்பில், சதியாளர்களால் படமெடுக்க அழைத்துவரப்பட்டவர் என்று பின்னர் புலனாய்வில் தெரியவந்த இளம் ஒளிப்படக்காரர் ஒருவரும் இறந்தார். அவருடைய கேமரா சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த சுருளைக் கழுவியபோது பத்துப் படங்கள் தெரிந்தன. வழக்கின் போக்கையே தீர்மானித்தவை அப்படங்கள். அந்த வெடிப்பில் பின்கதவு திறந்துகொண்டிருந்தால் அப்பத்துப் படங்களும் ஒளியில் கரைந்து போயிருக்கும். நாட்டின் தலைவிதியோடு தொடர்புடைய ஒரு சான்று, நகத்தளவுத் தாழ் ஒன்றின் பிடியில் நிலைத்து நின்றது.

தட்டில் எஞ்சிய சுருள்வில்

இதுவரை சொன்னவை கேமராவை வைத்திருப்பவரும் பழுதுபார்ப்பவரும் தொலைத்த கதைகள். ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலையில் தொலைவதும் மறப்பதும் வேறு வகையான சிக்கல். அங்கே ஒரு சுருள்வில் விடுபட்டால் விடுபட்டது தெரியாமலேயே பொருள் பெட்டிக்குள் சென்று, கடல் கடந்து, யாரோ ஒருவரின் கையில் போய்ப் பழுதாகும்.

ஷிகியோ ஷிங்கோ என்னும் ஜப்பானியப் பொறியாளர் இதுபற்றித் தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். 1961இல் யமாடா எலெக்ட்ரிக் ஆலைக்கு அவர் சென்றிருந்தார். இரண்டு பொத்தான்கள் கொண்ட எளிய சுவிட்ச். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஒரு சுருள்வில் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் சில வேளைகளில் ஒன்றை வைக்க மறந்துவிடுகிறார்கள். கவனமாக இருங்கள் என்று எத்தனை முறை கடிந்துகொண்டும் பயனில்லை. ஷிங்கோ சொன்ன வழி இதுதான்: பெட்டியிலிருந்து நேரே எடுத்து வைக்க வேண்டாம். முதலில் இரண்டு சுருள்வில்களை எடுத்து ஒரு சிறு தட்டில் போடுங்கள். பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்துங்கள். வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று எஞ்சியிருந்தால் மறந்துவிட்டோம் என்று பொருள்.

இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. நினைவு வைத்திருக்கும் பொறுப்பு மனிதரின் தலையிலிருந்து இறங்கித் தட்டின் மேல் அமர்கிறது. மறப்பது மனித இயல்பு என்று ஆலை ஒப்புக்கொள்கிறது.

இத்தகைய ஏற்பாடுகளுக்குத் தொடக்கத்தில் வழங்கிய பெயர் 'பாக்கா-யோக்கே'. முட்டாள்தனத்தைத் தடுப்பது என்று பொருள். 1963 அளவில் அரக்காவா என்னும் வாகனக் கூடு செய்யும் ஆலையில், இருக்கையின் இடப்பக்க, வலப்பக்க உறுப்புகள் மாறிவிடாமல் தடுக்க ஒரு கருவியைப் பொருத்தி, அதற்கு இப்பெயரையே சொல்லி விளக்கினார்கள். பகுதிநேர ஊழியரான ஒரு பெண் அங்கேயே அழுதுவிட்டார். நான் அவ்வளவு முட்டாளாகவா இருந்தேன் என்று கேட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. இதைக் கேள்வியுற்ற ஷிங்கோ பெயரை மாற்றினார். 'போக்கா-யோக்கே', அதாவது கவனப்பிசகைத் தடுப்பது. இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கண்ணீரும் ஒருநாள் விடுப்பும் இருக்கின்றன. சொல்லாராய்ச்சி செய்வோருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பதரிது. கருவி மாறவில்லை, பெயர்தான் மாறியது. ஆனால் பழி யார்மேல் என்பது பெயரோடு சேர்ந்து மாறிவிட்டது.

வழித்தடத்தின் கதை

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். இராமானுசர் பிறந்த ஊர் என்பதே இதன் பழம்பெருமை. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை எழுந்தபின் இப்பகுதியின் ஏரிக்கரைகளும் மேய்ச்சல் நிலங்களும் வேறு வடிவம் கொண்டன. 2006 தொடக்கத்தில் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதனைச் சுற்றி உறுப்புகள் செய்யும் ஆலைகள் அமைந்தன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், அடுத்து டைம்லர், 2013இல் ராயல் என்பீல்ட் என்று வாகன ஆலைகள் வரிசையிட்டன. 2019இலிருந்து பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் முதலான வகைகளும், 2022 செப்டம்பரில் வெளியான சில வாரங்களுக்குள்ளாகவே ஐபோன் 14உம் இணைக்கப்பட்டன.

ஆலைகள் ஏன் இப்படிக் கூட்டமாக அமர்கின்றன என்பதற்கும் ஒரு திருகாணியே விடை சொல்கிறது. 2012இல் ஆப்பிள் தன் கணினி வகையொன்றை அமெரிக்காவிலேயே செய்யப்போவதாக அறிவித்தது. டெக்ஸாஸில் அதற்குத் தேவையான சிறு திருகாணிகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. அங்கிருந்த பட்டறையால் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் செய்துதர முடியவில்லை. இறுதியில் சீனாவிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. பெரிய இயந்திரத்தின் இருப்பிடத்தைச் சிறிய உறுப்பு தீர்மானித்த கதை இது.

இவ்வழித்தடத்து மின்னணு ஆலைகளில் சிற்றுறுப்புகள் எப்படிக் காக்கப்படுகின்றன என்று பார்ப்போம். மின்சுற்றுப் பலகையில் அமரும் உறுப்புகளுள் மிகச் சிறியவை 0.4 மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் அகலமும் கொண்டவை. உப்புக்கல்லைவிடச் சிறியவை. இவை நீண்ட நாடாவில் வரிசையாகக் குழியிட்டு, குழிக்கு ஒன்றாக வைக்கப்பட்டு, மேலே மெல்லிய படலத்தால் மூடப்பட்டுச் சுருளாக வருகின்றன. இயந்திரம் படலத்தை உரித்து, உறிஞ்சுகுழலால் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைக்கிறது. கைப்பேசிக் கேமராவின் லென்ஸோ ஒரு சிறு காந்தச் சுருளுக்குள் மிதந்தபடி, குவியத்துக்காக மில்லிமீட்டரின் சிறு பங்களவு நகர்கிறது. ஒளியுணரிக்கு நேராக அதனை நிறுத்தியபின் புறஊதா ஒளியில் இறுகும் பசையால் நிலையாக ஒட்டிவிடுகிறார்கள். இனி அது கழலாது, தொலையாது. பழுதானால் யாரும் பிரித்துச் சீர்செய்யவும் முடியாது. தொகுதியையே மாற்ற வேண்டும். கையில் இருந்தது, கட்டப்பட்டது, உள்ளடங்கியது, இறுதியில் ஒட்டப்பட்டது. பிலிம் டப்பாவோடும் நகப்பூச்சோடும் அமர்ந்திருந்த கைவினைஞருக்கு இக்கேமராவில் பெரிதாக வேலை இல்லை.

எனினும் கைக்கு வேலை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கேமராத் தொகுதியைக் கூட்டுக்குள் வைப்பது, பட்டை போன்ற இணைப்பியை நகத்தால் அழுத்திப் பொருத்துவது, தகடு வைத்துத் திருகாணி முறுக்குவது போன்றவற்றில் மனிதவிரல் இன்னும் தேவைப்படுகிறது. ஒரே கைப்பேசிக்குள் அடுத்தடுத்த இரு திருகாணிகளின் நீளம் அரை மில்லிமீட்டர் அளவே வேறுபடக்கூடும். குட்டையானதன் இடத்தில் நெட்டையானதை முறுக்கினால் அது பலகைக்குள் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாத தடங்களை அறுத்துவிடும். இதனால்தான் திருகாணிகளை ஒவ்வொன்றாக நீட்டும் சிறு இயந்திரங்களும், எத்தனை முறுக்கினோம் என்று எண்ணும் மின் திருப்புளிகளும், குழியிட்ட தட்டுகளும் பயன்படுகின்றன. ஒரகடத்து வாகன ஆலைகளில் இதன் அண்ணனைக் காணலாம்: உரிய விசையில் இறுக்கிய மரையின்மீது வண்ணப்பேனாவால் ஒரு கோடு. கோடு நேராக இருக்கும்வரை மரை அசையவில்லை. யமாடா ஆலையின் தட்டு பலநூறு வடிவங்களில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நம் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவியருள் சிலர் இவ்வழித்தடத்துக்கு வேலைக்குச் சென்றவர்கள். அவர்களில் ஒருவர் சான்றிதழ் வாங்க வந்தபோது, "கையில ஒரு ஸ்க்ரூ மிஞ்சிப் போனா அன்னைக்குத் தூக்கம் வராதுங்க ஐயா. எந்த போன்ல விட்டோம்னு லைன் முழுக்கத் தேடணும்" என்றார். தட்டு நினைவூட்டத்தான் செய்கிறது. ஆயினும் இரவில் தூக்கம் இழப்பவர் தொழிலாளியே. பெயர் மாறி அறுபதாண்டுகள் கழிந்தபின்னும் பழி முழுவதுமாக இடம் மாறிவிடவில்லை என்பதையே இச்சொற்கள் நமக்கு உணர்த்தின.

இங்கே நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுண்டு. ஜப்பானிய ஆலை ஒழுங்கின் ஐந்து சொற்களுள் இரண்டாவது 'செய்ட்டோன்'. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் என்பது அதன் கருத்து. 0.4 மில்லிமீட்டர் உறுப்புக்குத் தனிக் குழி அமைத்துக் கொடுத்த இவ்வொழுங்கு, அவ்வுறுப்பை வைக்கும் விரலுக்கு எத்தகைய இடத்தைக் கொடுத்திருக்கிறது?

வரலாறு தரும் விடை ஒருபடித்தானதன்று. 2006க்குப் பின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பல்லாயிரம் பெண்கள், தங்கள் தாய்மார் நாற்று நட்ட ஊர்களிலிருந்து நிறுவனப் பேருந்தில் ஏறி முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். தம்பியின் படிப்பும் தங்கள் நகையும் வீட்டின் மேல்தளமும் அச்சம்பளத்தில் உருவாயின. திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் துணிவும் சிலருக்கு அதனால் கிடைத்தது. இதைச் சிறுமைப்படுத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் 2010இல் அதே நோக்கியா ஆலையில் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2014இல் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இவ்வாலை மட்டும் அதில் சேராமல் வெளியே நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர். பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயர்களில் இருந்தவர்களுக்கு அதுவும் எளிதாக வாய்க்கவில்லை. திருகாணிக்கு நகப்பூச்சும் மரைக்கு வண்ணக்கோடும் வைத்த தொழில்முறை, மனிதரை மட்டும் கழற்றுவதற்கு எளிதாகவே வைத்திருந்தது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற பாக்ஸ்கான் தொழிலாளர்களின் தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமை கோரி 37 நாள் வேலைக்குச் செல்லவில்லை. தம் இடத்தில் இல்லாதபோதே கடையாணியின் இருப்பு பிறருக்குத் தெரியவருகிறது. அரக்காவா ஆலையின் அந்தப் பெண் ஒருநாள் வராததால் ஒரு சொல் மாறியதுபோல, இங்கும் சில மாறின. ஐபோன் ஆலை சில வாரம் மூடப்பட்டு, விடுதிகளைச் சீர்செய்வதாக உறுதியளித்தபின்னரே திறந்தது. சாம்சங் தொழிலாளர்களின் சங்கம் 2025 ஜனவரியில் பதிவுபெற்றது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில், பெருமளவு பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி வளாகம் திறக்கப்பட்டது. மோசமான வாடகை அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களுக்கு இது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆளுக்கொரு படுக்கை, படுக்கைக்கொரு எண். நாடாவின் குழியில் இருக்கும் உறுப்புக்கும் தனியிடம் உண்டு. ஆனால் அது எடுத்துப் பயன்படுத்தப்படும்வரைக்குமான இடம். வண்டி ஓடும் காலமெல்லாம் கடையாணிக்கு அச்சின் முனையில் இடம் உண்டு. இவ்விரண்டில் எது வல்லம் வடகாலில் அமையப்போகிறது என்பதை, அப்படுக்கைகளில் உறங்குபவர்கள் முப்பது வயதைக் கடந்தபின் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்தே சொல்ல முடியும்.